எள் ஒட்டுபவன்

பகல் முழுக்க நான் பன்னுக்கு எள் ஒட்டுகிறேன்,
இடுக்கியால், ஒவ்வொன்றாய்.
துபாய் அல் கூஸில் கிடங்கை மறித்துக் கட்டிய ஸ்டூடியோ.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே, விளக்குச் சூட்டிலும் உருகாத ஐஸ்கிரீம்:
மசித்த உருளைக்கிழங்கு.

இறைச்சியின் மேல் ஓடும் கரிக்கோடு
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான் இழுத்தது.
மினுமினுப்புக்கு ஷூ பாலிஷ்.
கிண்ணத்தில் தளும்பும் பால், தச்சர்கள் வாங்கும் வெள்ளைப் பசை.
கோலா பாட்டிலில் நீங்கள் பார்க்கும் வியர்வை
கிளிசரின். வியர்ப்பது எனக்குத்தான்.

ஆறு விநாடி ஓடும் அந்தப் படம்.
ஆறு விநாடிக்கு இரண்டு நாள்.
நாலாவதில் சீஸ் நூலாய் இழுபட வேண்டும்.
"குழந்தை வாயைத் திறக்கும் இடம் அது"
என்றார் லெபனானிலிருந்து வந்த இயக்குநர்.
எந்தக் குழந்தை என்று நான் கேட்கவில்லை.

வீடு ஷார்ஜா அல் நஹ்தாவில், பதினோராம் மாடி.
மே தொடங்கி செப்டம்பர் வரை
ஜன்னலும் ஒரு சுவர்.
கீழே விளையாட்டுத் திடல் இருக்கிறது,
சறுக்குமரத்தில் முட்டை பொரிக்கலாம்.
ஸுஹைலுக்கு ஒன்பது வயது.
அவன் எழுந்துபோன பிறகும்
சோபாவில் அவன் குழி உட்கார்ந்திருக்கிறது.

பொம்மைக் கார்கள் மோதும் வீடியோ.
நடுவில் என் பன்.
மறுபடி கார்கள்.
மறுபடி என் பன்.
மூலையில் 'ஸ்கிப்' வந்து காத்திருக்கும்,
அவன் விரல் போகாது.
"வாப்பா, ஒங்க எள்ளு!" என்று கத்துவான்.
கை அதன் பாட்டுக்கு சிப்ஸ் பையில் இறங்கும்,
கண்ணைக் கேட்காமல், வயிற்றைக் கேட்காமல்.
பசி அந்த அறைக்குள் வந்தே
எத்தனை மாதமோ.

பள்ளி நர்ஸ் ஒரு தாள் அனுப்பினாள்.
வளைந்து வளைந்து ஏறும் கோடுகள்.
எல்லாவற்றுக்கும் மேலே, நூலறுந்த பட்டம் மாதிரி
என் பிள்ளையின் புள்ளி.
ஐம்பத்தொரு கிலோ.
மர்ஜானா அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்,
பீட்சாக் கடைக்காரன் தந்த காந்தத்தால்.
எங்களிடம் வேறு காந்தம் இல்லை.

சனிக்கிழமை அவனை வேலைக்குக் கூட்டிப்போனேன்.
பார்க்கட்டும் என்றுதான்.
பல்குத்தும் குச்சிகள் தாங்கும் அடுக்குகளை,
கேமராவுக்குத் தெரியாத பக்கம்
வெட்டித் திறந்துகிடக்கும் பன்னின் முதுகை.
பார்த்தான்.
நான் விளக்கை நகர்த்தித் திரும்புவதற்குள்
ஒரு கடி.
துப்பினான். பசை, பாலிஷ், எஞ்சின் எண்ணெய்.
மூன்று முறை வாய் கொப்பளித்தான்.
தீர்ந்தது என்று நினைத்தேன்,
அல்ஹம்துலில்லாஹ் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி அதே ஆறு விநாடி.
அவன் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.
"அது பசைன்னு தெரியும்ல?"
"தெரியும் வாப்பா."
கார்கள் மோதின, ஒன்று எரிந்தது.
"தெரிஞ்சாலும் ஊறுது."

எனக்கும் ஊறியிருந்தது.
அதை அவனிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஒன்பது மணிக்கு மேல்
அடித்தளத்துக் கார் நிறுத்தத்தில் நடக்கிறோம்,
தூணுக்குத் தூண்.
பெட்ரோல் வாடை, ஈரச் சூடு,
நம்பர் பலகைகளைக் கூட்டிக்கொண்டே வருகிறான்.
எட்டாம் தூணில் மூச்சு வாங்குகிறது,
யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
திங்கட்கிழமை. குழந்தைகளுக்கான பெட்டி,
உள்ளே ஒரு பொம்மைக் கார்.
கூலி ஒன்றரை மடங்கு. வருவாயா?
திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது.
"யாரு வாப்பா?"
போனைத் தொடையோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு
"இன்னும் ரெண்டு தூண்" என்கிறேன்.